பெல்டியர் பெட்டியில் குளிர் நிலையாக நிற்கவில்லை

கேள்வி (கல்லடி)
அம்மாவின் இன்சுலினுக்காக 12706 பெல்டியரில் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சில்லு) சின்னப் பெட்டி ஒன்று செய்கிறேன். வெப்பநிலையைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலரில் 5 பாகை கொடுத்தால் 1க்கு இறங்கி 9க்கு ஏறுகிறது. 2–8க்குள் நிற்கவேணும், உறைந்தால் மருந்து வீண். பகலில் மின்னோட்டத்தைக் கூட்டினால் குளிர் இன்னும் குறைகிறது. ஏன்?

பதில் (கல்முனை)
தம்பி, முதலில் மின்னோட்ட வரம்பைப் போடுங்கோ. 6 ஆம்பியர் பெல்டியரின் உச்சம், 4 போதும். பெல்டியருக்குள்ளே பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கன்ட்ரோலருக்கு அது விளங்காது. குளிர் போதாதென்று இன்னும் தள்ளும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் கை வைக்க முடியாவிட்டால், நல்ல விசிறி போடும்வரை டியூனிங் (கன்ட்ரோலரின் அளவுகளைச் சரிசெய்வது) பேசிப் பயனில்லை.
அப்புறம் கன்ட்ரோலரின் மூன்று அளவுகளில் (பி இப்போதைய வித்தியாசத்துக்கு, ஐ சேர்ந்துவந்த வித்தியாசத்துக்கு, டி அது மாறும் வேகத்துக்கு) ஐ, டி இரண்டையும் பூச்சியமாக்கி, ஊசலாடும்வரை பி-யைக் கூட்டி, அதில் பாதியை வையுங்கோ. ஐ-யை மெல்ல மெல்லச் சேருங்கோ.

பதில் (அக்கரைப்பற்று)
சென்சர் காற்றில் தொங்குகிறதா? அப்படியென்றால் பிந்தித்தான் உணரும். குளிர்த் தகட்டில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூசி இறுக்குங்கள். நம்ம பக்கத்து ஈரக்காற்றுக்குத் பெல்டியரின் ஓரத்தைச் சிலிக்கோன் பசையால் அடைப்பதும் முக்கியம்.

கல்லடி
சென்சர் தொங்கித்தான் கிடந்தது. மாற்றிவிட்டேன், இப்போது 4.6க்கும் 5.4க்கும் இடையில் நிற்கிறது. இப்போதைக்கு உள்ளே மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல்தான். மத்தியான வெயிலிலும் பார்த்த பிறகே மருந்தை வைப்பேன்.