ஃப்யூஸ் பெட்டி மாற்றியபின் மாடிப்படி விளக்கைப் போட்டாலே ட்ரிப் ஆகிறது, சான்றிதழும் தரவில்லை: என்ன செய்வது?

ஈஸ்ட்ஹாம்வாசி:

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் 1930களில் கட்டிய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) ஒன்றைப் போன வருடம் வாங்கினோம். படிக்கட்டுக்குக் கீழே இருந்தது ஃப்யூஸ் கம்பி சுற்றுகிற பழைய பெட்டி. குளிர்காலத்தில் அம்மா வந்து தங்கியிருந்தபோது, கெட்டில், ஹீட்டர், துணி உலர்த்தும் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடினால் கம்பி உருகிவிடும். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு கம்பி மாற்றி அலுத்துப்போய், பெட்டியையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் ஒரே சனிக்கிழமையில் வேலையை முடித்தார். 450 பவுண்ட், ரொக்கம். இப்போது இருப்பது உலோகப் பெட்டி, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ (கரண்ட் கசிந்தாலும், அதிகமானாலும் தானே துண்டித்து ட்ரிப் ஆகும் சுவிட்ச்). பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை அன்று இரவே தொடங்கியது. மாடிப்படி விளக்கைப் போட்டால் உடனே ட்ரிப். கீழே இருக்கும் சுவிட்சில் போட்டாலும் சரி, மேலே இருக்கும் சுவிட்சில் போட்டாலும் சரி. மற்ற விளக்குகள் எல்லாம் எரிகின்றன. அவரைக் கேட்டால், "பழைய வீடு, சுவரில் ஈரம் இருக்கும், அந்த ஆர்சிபிஓவைக் கழற்றிவிட்டுச் சாதாரண எம்சிபி போட்டுவிடலாம்" என்கிறார். எம்சிபி என்பது கரண்ட் அதிகமானால் மட்டும் துண்டிப்பது, கசிவைப் பார்க்காது. சான்றிதழ் கேட்டேன். "நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை, வாடகைக்கு விட்டால்தான்" என்றார். இப்போது ஃபோனையும் எடுப்பதில்லை.

அம்மா இருட்டில் படி இறங்குவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஏன் ட்ரிப் ஆகிறது? அவர் சொல்வதுபோல் எம்சிபி போடலாமா? சான்றிதழ் உண்மையிலேயே தேவையில்லையா? இன்னொன்று, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் ஃப்யூஸின் சீல் கம்பி அறுந்து தொங்குகிறது. அதுவும் பிரச்சினையா?

ஹேரோ_மின்பணியாளர்:

முதலில் ஒன்று: எம்சிபிக்கு மாற்ற விடாதீர்கள். அந்த ஆர்சிபிஓ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

ஒரு விவரம் வேண்டும். மாடிப்படி விளக்கைப் போடும்போது விழுவது ஒரு ஆர்சிபிஓவா, இரண்டா? கீழ்த்தள விளக்கு, மேல்தள விளக்கு என்று இரண்டு தனி சர்க்யூட் இருக்கும். பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டாம், வெளியே தெரியும் லீவர்களைப் பார்த்தால் போதும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை இரண்டும் சேர்ந்து விழுந்தன. ஒரு முறை கீழ்த்தளத்துடையது மட்டும்.

ஹேரோ_மின்பணியாளர்:

அப்படியானால் ஈரம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கடன் வாங்கிய கேஸ். இந்த நாட்டுப் பழைய வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். அந்தக் காலத்தில் வயரை மிச்சம் பிடிக்க, கீழ்த்தள சர்க்யூட்டிலிருந்து லைனை (கரண்ட் வரும் வயரை) எடுத்து, விளக்குக்குப் பக்கத்தில் கிடைத்த மேல்தள சர்க்யூட்டின் நியூட்ரலில் மறுமுனையைச் சேர்த்துவிடுவார்கள். பழைய ஃப்யூஸ் பெட்டியில் நியூட்ரல் எல்லாம் ஒரே பட்டையில் போய்ச் சேரும் என்பதால் எத்தனை வருடம் ஆனாலும் ஒன்றும் தெரியாது. ஆர்சிபிஓ அப்படியில்லை. தன் வழியாகப் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் கீழ்த்தள ஆர்சிபிஓ வழியாகப் போவது திரும்புவதில்லை. மேல்தள ஆர்சிபிஓ தன் வழியாகப் போகாத ஒன்று திரும்புவதைப் பார்க்கிறது. அதனால்தான் இரண்டும் விழுகின்றன.

எம்சிபி போட்டால் ட்ரிப் நிற்கலாம், ஆபத்து நிற்காது. நாளைக்கு ஒருவர் மேல்தள சர்க்யூட்டை மட்டும் அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று நம்பி ஒரு விளக்கைக் கழற்றி நியூட்ரலைப் பிரிக்கிறார் என்று வையுங்கள். கீழ்த்தள லைன் அந்த மாடிப்படி பல்பு வழியாக வந்து, பிரிந்த நியூட்ரலில் 230 வோல்ட்டாக நிற்கும். ஏணியில் நிற்பவர் கையில் அதுதான் இருக்கும். இப்படி அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சரி செய்ய இரண்டு வழி. நல்ல வழி, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் சரியான வயர் இழுத்து, லைனையும் நியூட்ரலையும் ஒரே சர்க்யூட்டிலிருந்து தருவது. சுவர் உடைக்க முடியாவிட்டால், இரண்டு விளக்கு சர்க்யூட்டையும் ஒரே 6 ஆம்பியர் ஆர்சிபிஓவில் சேர்த்து, பெட்டியில் தெளிவாக எழுதி ஒட்டுவது. எல்ஈடி விளக்குகளுக்கு 6 ஆம்பியர் தாராளம். ஆனால் ஒரு பழுது வந்தால் வீடு முழுக்க விளக்கு போகும். அம்மா இருக்கிற வீட்டில் நான் முதல் வழியைத்தான் செய்வேன். அதுவரை அந்தப் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியில் எரியும் சிறிய விளக்கு ஒன்றைப் படியில் ஒட்டுங்கள்.

இப்போது சான்றிதழ். அவர் இரண்டு விஷயத்தைக் குழப்புகிறார். வாடகை வீட்டுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை அறிக்கை வேண்டும் என்பது 2020இல் இங்கிலாந்தில் வந்த விதி. அதை இஐசிஆர் என்பார்கள். நீங்கள் கேட்டது வேறு. பார்ட் பி என்ற கட்டட விதி 2005 ஜனவரி 1 முதல் இருக்கிறது, சொந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். 2013இல் சில சிறிய வேலைகளை அதிலிருந்து விலக்கினார்கள், ஆனால் கன்ஸ்யூமர் யூனிட், அதாவது இந்த ஃப்யூஸ் பெட்டி, மாற்றுவது கவுன்சிலுக்கு அறிவித்தே செய்ய வேண்டிய வேலையாக இன்றும் இருக்கிறது.

பதிவு பெற்ற மின்பணியாளர் செய்தால் உங்கள் கைக்கு இரண்டு தாள் வரும். ஒன்று அவரே தரும் இஐசி, அதாவது தான் செய்த மின்வேலைக்கான சான்றிதழ். ஒவ்வொரு சர்க்யூட்டின் அளவீடும் அதில் இருக்கும். மற்றது அவர் சேர்ந்திருக்கும் பதிவு அமைப்பு கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டு 30 நாளுக்குள் அனுப்பும் கட்டட விதிச் சான்று. பதிவில்லாதவர் செய்வதென்றால், வேலை தொடங்குவதற்கு முன்பே கவுன்சில் பில்டிங் கண்ட்ரோலில் அறிவிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற மூன்றாமவர் ஒருவரைப் பரிசோதகராக அமர்த்த வேண்டும். உங்கள் விஷயத்தில் எதுவுமே நடக்கவில்லை.

அந்த இஐசியை நிரப்ப வேண்டுமானால் பரிசோதனைகளைச் செய்தே ஆக வேண்டும். 500 வோல்ட்டில் இன்சுலேஷன் (வயர்களுக்கு இடையே கரண்ட் கடக்காமல் இருக்கிறதா என்று) பார்க்கும்போதே இரண்டு சர்க்யூட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது சோதனை மீட்டரில் தெரிந்திருக்கும். பெட்டியைத் தொடுவதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரே சனிக்கிழமையில் முடிந்தது என்றதுமே எனக்குக் கவலையாகிவிட்டது.

டூட்டிங்_அக்கா:

தம்பி, வீட்டை விற்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு நடந்தது. வீட்டை விற்பவர் நிரப்பித் தரும் டிஏ6 என்ற படிவத்தில், 2005 ஜனவரி 1க்குப் பிறகு மின்வேலை ஏதாவது செய்தீர்களா, சான்றிதழ் எங்கே என்று நேராகக் கேட்கிறார்கள். எங்களிடம் இல்லை. வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) விடவில்லை. பல வாரம் அதிலேயே போனது. முன்பு செய்தவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. இன்னொரு மின்பணியாளரிடம் "நீங்களே சான்றிதழ் எழுதித் தாருங்கள், காசு தருகிறேன்" என்றுகூடக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். அன்று கோபம் வந்தது, இப்போது அவர் செய்தது சரி என்று புரிகிறது.

ஹேரோ_மின்பணியாளர்:

அக்கா சொல்வது முக்கியம். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் இஐசி எழுத முடியாது. உள்ளதைப் பரிசோதித்து இஐசிஆர் தர முடியும், பழுதுகளைச் சரிசெய்து தான் செய்ததற்கு மட்டும் சான்று தர முடியும். அறிவிக்காமல் செய்த பழைய வேலைக்குக் கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன் (பிறகு ஒப்புதல் கேட்பது) என்று விண்ணப்பிக்கலாம்.

சீல் விஷயம்: அந்த மெயின் ஃப்யூஸ் உங்கள் சொத்தில்லை. லண்டனில் பெரும்பாலும் அது, வீடுகளுக்கு மின்கம்பி கொண்டுவரும் யுகே பவர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. சீல் அறுந்திருப்பதை அவர்களுக்கும் நீங்கள் பில் கட்டும் நிறுவனத்துக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஃப்யூஸை நீங்கள் தொடவே வேண்டாம்.

பரிசோதிக்க வருபவரிடம் கேஸ் குழாயிலும் தண்ணீர்க் குழாயிலும் எர்த் பாண்டிங் (குழாயை எர்த்தோடு இணைக்கும் வயர்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 10 சதுர மில்லிமீட்டர் பச்சை மஞ்சள் வயர், கேஸ் மீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் கவ்வியிருக்க வேண்டும். பெட்டிக்குள் திருகுகள் எல்லாம் சரியான முறுக்கில் இருக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். இந்த நாட்டில் 2016 ஜனவரி முதல் வீட்டுப் பெட்டி எரியாத பொருளில் இருக்க வேண்டும் என்று கொண்டுவந்ததே, தளர்ந்த இணைப்பு சூடாகிப் பிளாஸ்டிக் பெட்டிகள் தீப்பிடித்ததால்தான். உலோகப் பெட்டி தீயை அடக்கிவைக்க உதவும், தளர்ந்த திருகை இறுக்காது.

ஈஸ்ட்ஹாம்வாசி (மூன்று வாரத்துக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் சரிபார்த்துவிட்டு ஒரு மின்பணியாளரை அழைத்தேன். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கப் பரிசோதித்தார். நீங்கள் சொன்னதேதான் அண்ணா, கடன் வாங்கிய நியூட்ரல். அறிக்கையில் சி2 மூன்று வந்தது: அது ஒன்று, கேஸ் குழாயில் பாண்டிங்கே இல்லை, மெயின் சுவிட்சில் நியூட்ரல் திருகு கையால் ஆட்டினால் அசைகிறது. சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடியது என்று விளக்கினார். அந்தத் திருகு இருந்த இடத்துக்கு நேர் மேலே மரப்படி. அதைக் காட்டியபோது என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றையும் சரி செய்தாகிவிட்டது. படிச்சுவரில் ஒரு கோடு வெட்டி வயர் இழுத்தார், பூசி பெயிண்ட் அடிக்க வேண்டும். அவர் செய்த வேலைகளுக்குச் சான்று தந்துவிட்டார். பெட்டிக்குக் கவுன்சிலில் ரெகுலரைசேஷன் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அறிக்கையையும் சேர்த்து அனுப்பினேன். மெயின் ஃப்யூஸ் சீலையும் அந்த நிறுவனத்தார் புதிதாகப் போட்டார்கள், எங்களை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சேர்த்து முதலில் கொடுத்ததைவிட அதிகம் ஆனது. அம்மா நேற்று இரவு தானே விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

ஹேரோ_மின்பணியாளர்:

ரொம்ப சந்தோஷம். ஆர்சிபிஓ ஒவ்வொன்றிலும் சிறிய டெஸ்ட் பொத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அழுத்துமுன் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் அந்த சர்க்யூட்டை அணைத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.