ரோமர் 9-ஐ இளைஞர்களுக்கு எப்படி விளக்குவது? உதவி தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூரில் எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பை நான் நடத்துகிறேன். இப்போது, தேவன் யாரைத் தெரிந்துகொள்கிறார் என்று பவுல் எழுதும் ரோமர் 9-இல் நிற்கிறோம். "தேவன் முன்குறித்தவர்கள் மட்டும்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்றால், என் அப்பா விசுவாசத்துக்கு வரவே மாட்டாரா, அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு அவசரமாக ஒரு பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனதில்லை.

இரட்சிப்பு தேவனின் முன்குறிப்பில் நிற்கிறது என்று அகஸ்டின், கால்வின் என்ற இறையியலாளர்களின் வழியில் வாசிப்பவர்கள், தேவன் தமக்குச் சித்தமானவன்மேல் இரங்குகிறார், சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்ற 9:18-ஐ முன்வைக்கிறார்கள். மனிதன் விசுவாசத்தோடு பதில் சொல்வதை வலியுறுத்தும் ஆர்மீனியஸ், வெஸ்லி வழியில் வந்தவர்கள், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட தேவன் சித்தமாயிருக்கிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4-ஐ. 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் திருச்சபைச் சங்கம் ஆர்மீனியஸ் தரப்பின் போதனைகளை நிராகரித்தது, ஆனாலும் விவாதம் ஓயவில்லை. நம் ஊரிலேயே பாருங்கள்: 1947-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லி வழி மெத்தடிஸ்டுகளும் கால்வின் வழி பிரஸ்பிட்டேரியன் மரபினரும் ஒரே சபையில் சேர்ந்தார்கள். இந்தக் கேள்வியில் அவர்கள் எப்படி ஒத்துப்போனார்கள் என்று தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

எனக்கு முக்கியமான சந்தேகம் இதுதான். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்று பவுல் எடுக்கும் வசனம் மல்கியா 1-இல் இருக்கிறது. அங்கே பேச்சு ஏசாவின் வம்சத்தாரான ஏதோம் தேசத்தைப் பற்றியது. ஆதியாகமம் 25:23-உம் இரண்டு ஜாதிகள் என்றே சொல்கிறது. அப்படியானால் ரோமர் 9 தனி மனிதரின் இரட்சிப்பைப் பேசுகிறதா, இஸ்ரவேலின் அழைப்பையா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் அழிவுக்கான கோபாக்கினைப் பாத்திரங்கள், மகிமைக்கான கிருபாபாத்திரங்கள் என்று பேசும் 9:22-23 என்னைத் தடுக்கிறது.

இரு தரப்பையும் நியாயமாகச் சொல்லும் தமிழ் விளக்கவுரை இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், இறையியல் படித்த யாராவது ஒரு ஞாயிறு மாலை வகுப்புக்கு வர முடியுமா? அந்தத் தம்பியும் அன்று இருப்பான்.