ஹன்டிங்டன் நோய்: தமிழில் விளக்கக்கூடியவர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் மாமாவுக்கு ஹன்டிங்டன் நோய் என்று உறுதியாகிவிட்டது. மூளையின் நரம்புக் கலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் பரம்பரை நோய் இது. 4ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து டிஎன்ஏ தொடர் 40 தடவையோ அதற்கு மேலோ திரும்பி வந்தால் இந்த நோய் வரும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. அதனால் மச்சாள் பரிசோதனை செய்வதா வேண்டாமா என்று தவிக்கிறாள்.

2025 செப்டம்பரில் வந்த செய்திதான் அவளுக்கு இப்போது பெரிய நம்பிக்கை. ஏஎம்டி-130 என்ற மரபணு சிகிச்சை. சத்திரசிகிச்சை செய்து மூளைக்குள் ஒரேயொரு தடவை செலுத்துகிறார்கள். அந்த மரபணுவிலிருந்து வரும், நோய்க்குக் காரணமான ஹன்டிங்டின் புரதம் உருவாவதை அது குறைக்கிறது. கூடிய அளவு மருந்து பெற்ற 12 பேருக்கு 3 வருடத்தில் நோய் முற்றும் வேகம் 75 சதவீதம் குறைந்ததாம். பெரிய விஷயம்தான். ஆனால் 12 பேர்தானே, அதுவும் சிகிச்சை பெறாத வேறு நோயாளர்களின் தரவுகளோடு ஒப்பிட்டது. முழுதாகக் குணமாகும் என்று யாரும் சொன்னால் தயவுசெய்து நம்பவேண்டாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பரிசோதனைக்கு முன் மரபணு ஆலோசனை கட்டாயம் வேண்டும். கொழும்பில் அதைத் தமிழில், பொறுமையாகச் செய்பவர் யார்? இதே நோய் உள்ள குடும்பங்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், மச்சாளோடு கதைக்க ஒருவர் கிடைத்தாலே போதும்.