தாத்தாவின் எண்பதாம் கல்யாணமும் கார்த்திக் வண்டியின் வெப்ப முள்ளும்

குழு: பெரிய வீடு

புதன்கிழமை

கார்த்திக், மாலை 6:10
பெரியப்பா, ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து தஞ்சாவூர் வரை வெப்ப முள் நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை. பாபநாசம் தாண்டியதும் ஒரு கோடு மேலே போனது. திருவிடைமருதூரில் வண்டிகள் தேங்கி நின்றபோது இன்னும் அரைக் கோடு ஏறியது, ஏ.சி.யை அணைத்த பிறகுதான் இறங்கியது. வெள்ளிக்கிழமை தாத்தாவைத் திருக்கடையூருக்கு இதில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அழைத்துப்போகலாமா?

வசந்தா, மாலை 6:12
வேண்டாம். வேன் சொல்லலாம்.

மாலதி, மாலை 6:13
மாமா பக்கத்தில்தான் இருக்கிறார். வாசித்துக் காட்டினேன். பேரன் வண்டியில்தான் வருவாராம். எல்லாரும் பிழையில்லாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்றும் சொல்கிறார்.

தினேஷ், மாலை 6:14
தலைமையாசிரியர் உத்தரவு.

சுந்தரேசன், மாலை 6:31
கார்த்திக், நீ எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது முள் எவ்வளவு ஏறியது என்பது அல்ல, எப்போது ஏறியது என்பதுதான். நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறினால், எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகவில்லை, அல்லது அந்தத் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவம் குறைந்திருக்கிறது, அல்லது பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டில் ஒன்று சரியில்லை என்று பொருள். பாபநாசம் தாண்டி ஓட்டத்திலேயே ஒரு கோடு ஏறியதாக எழுதியிருக்கிறாய். அறுவடை முடிந்து சாலையெங்கும் வைக்கோல் கிடக்கிற தை மாதம் இது. வைக்கோல்மேல் ஏறி வந்தாயா?

கார்த்திக், மாலை 6:33
ஆமாம், பெரியப்பா. மூன்று நான்கு இடங்களில் சாலையை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். ஒதுங்க இடம் இல்லை.

ரவி, மாலை 6:35
அந்த ஸ்போர்ட்ஸ் கார் இந்தச் சாலைக்கு ஆகாது. வாய்க்கால் ஓரத்து ஐந்து மா நிலத்தை விற்று வாங்கியது. நிலம் இருந்திருந்தால் அந்த வைக்கோல் நம் வைக்கோலாக இருந்திருக்கும்.

வசந்தா, மாலை 6:36
ரவி, நல்ல காரியம் நடக்கிற நேரம்.

சுந்தரேசன், மாலை 6:52
நிலத்தின் பேச்சை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாம் உட்கார்ந்து பேசுவோம், தம்பி. உன் மனக்குறை எனக்குத் தெரியும். இப்போது அப்பா ஏறப்போகிற வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது பேருந்துகளில் இருந்த வெப்ப மீட்டரில், எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று டேஷ்போர்டு வரை வரும். தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ப அந்த முள் கூடவே நடக்கும். ஏற்றத்தில் ஏறும், இறக்கத்தில் இறங்கும், மழை பெய்தால்கூடச் சற்றுத் தாழும். இப்போதைய கார்களில் சென்சார் சொல்வதைக் கணினி வாங்கி, முள்ளை எங்கே நிறுத்துவது என்று அதுவே முடிவு செய்கிறது. பல கார்களில் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலே வாடிக்கையாளர்கள் பயந்து வண்டியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே உன் முள் நடுவில் இருந்த நேரமெல்லாம் தண்ணீர் ஒரே சூட்டில் இருந்தது என்று எண்ணாதே. அப்படிப்பட்ட முள் நடுவை விட்டு ஒரு கோடு நகர்ந்தது என்றால், அதற்கு முன்பே சூடு வெகுதூரம் ஏறிவிட்டது.

முத்துக்குமார், மாலை 7:05
அப்பா, இங்கே நியூ ஜெர்சியில் என் வண்டி எப்போதும் 210 காட்டும். 230 வரை பயப்பட வேண்டாம் என்றுதான் மெக்கானிக் சொன்னார்.

வசந்தா, மாலை 7:06
210 டிகிரியா? அதில் எப்படி உட்காருகிறாய்?

சுந்தரேசன், மாலை 7:11
வசந்தா, அது பாரன்ஹீட் கணக்கு. அவனுடைய 210 நம்முடைய 99. அவனுடைய 230 நம்முடைய 110. முத்து, இனிமேல் இந்தக் குழுவில் செல்சியஸில் எழுது. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

வசந்தா, மாலை 7:12
99 என்றாலும் தண்ணீர் 100-இல் கொதித்துவிடுமே அண்ணா. 110-இல் வண்டி எப்படி ஓடும்?

சுந்தரேசன், மாலை 7:29
நல்ல கேள்வி. உன் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. குக்கரில் வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100-இல் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. கார் ரேடியேட்டர் மூடியும் அந்த வெயிட் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அதோடு கூலன்ட் பாதி, தண்ணீர் பாதியாகக் கலந்திருப்பதால் கொதிநிலை இன்னும் சில டிகிரி மேலே போகும். சூடான குக்கரில் வெயிட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சூடான வண்டியில் மூடியைத் திறந்தாலும் அதே கதிதான். ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பணிமனையில் ஒரு பையனுக்குக் கழுத்து முழுவதும் வெந்துபோனதை நான் நேரில் பார்த்தவன். கார்த்திக், எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை அந்த மூடிப் பக்கம் யாரையும் விடாதே.

மாலதி, மாலை 7:32
தெர்மோஸ்டாட் என்றால் என்னவென்று மாமா கேட்கிறார்.

சுந்தரேசன், மாலை 7:40
மதகுப் பலகை என்று சொல், மாலதி, அப்பாவுக்கு உடனே புரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பலகை மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். 85, 90 டிகிரி வந்ததும் பலகை தானாகத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். பலகை மூடியபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் காய்ந்து சாகும். திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது; முள் நடுவுக்குக் கீழேயே கிடக்கும். அதுவும் நோய்தான்.

மாலதி, மாலை 7:42
புரிந்துவிட்டதாம். மதகு திறந்தும் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் வாய்க்காலில் அடைப்பு என்கிறார்.

சுந்தரேசன், மாலை 7:43
அப்பா சொல்வதுதான் என் சந்தேகமும். நாளைக் காலை முன்பக்கத்தைத் திறந்து பார்ப்போம்.

ரவி, மாலை 7:50
அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வண்டி வந்து ஆறிக் கிடந்தபோது கூலன்ட் ஊற்றுகிற அந்த வெள்ளை டப்பாவில் தண்ணீர் குறைவாக இருந்ததாகப் பட்டது. மோட்டார் தண்ணீர் ஒரு பாட்டில் ஊற்றிவிட்டேன். நல்லதற்குத்தான் செய்தேன்.

கார்த்திக், மாலை 7:51
சித்தப்பா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரவி, மாலை 7:51
நிலத்தை விற்கும்போது நீ என்னிடம் கேட்டாயா?

சுந்தரேசன், மாலை 8:04
இருவரும் நிறுத்துங்கள். ரவி, நீ அக்கறையில் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரால் இரண்டு நாளில் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் நம் ஆழ்துளைத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். கார்த்திக், பெங்களூர் போனதும் பழையதை வடித்துவிட்டு, உன் வண்டிப் புத்தகத்தில் குறிப்பிட்டிருக்கும் வகைக் கூலன்ட்டையே ஊற்று. நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு வகையைக் கலக்காதே. உன் வண்டியில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் மூக்கின் இரண்டு ஓரத்தில். இடையே நீளமான குழாய்கள் தரையடியில் ஓடுகின்றன. அவ்வளவு நீளக் குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வராது. அந்த வேலை தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏறுகிற முள்ளைக் கண்டு எல்லாரும் பயப்படுவார்கள். ஏறி நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால்தான் நான் அதிகம் பயப்படுவேன். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூட்டைச் சரியாகச் சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் தொங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து நிற்கும். “சூடு இறங்கிவிட்டது” என்று மகிழ்ந்து ஓட்டியவர்களின் எஞ்சின்களை நான் பிரித்திருக்கிறேன். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்து போயிருக்கும். அப்படி விழுந்தால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடு.

வசந்தா, மாலை 8:07
அண்ணா, வேன்காரருக்கு என்ன சொல்வது?

சுந்தரேசன், மாலை 8:08
நாளை வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை

தினேஷ், காலை 7:20
பெரிய மாமா, வண்டியின் கணினியைப் படிக்கிற என்னுடைய ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகினேன். போனில் எண் வருகிறது. வண்டியின் கணினி 148 என்று அனுப்புகிறது. அது 40 கூட்டி அனுப்புகிற கணக்கு, 40-ஐக் கழித்தால் 108 டிகிரி. ஏ.சி. போட்டுப் பத்து நிமிடம் நிற்கவைத்தபோது எடுத்த அளவு. விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது.

சுந்தரேசன், காலை 7:24
நல்லது, தினேஷ். விசிறி ஓடியும் 108 என்றால் விசிறி குற்றவாளி இல்லை. வருகிறேன்.

கார்த்திக், காலை 9:45
படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். பம்பரின் வலைக்குப் பின்னால், ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரல் கனத்துக்கு வைக்கோல் துகள், பதர், தும்பிகள், ஒரு பிளாஸ்டிக் பை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. பெரியப்பா பெயின்ட் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகத் துடைத்தெடுக்கிறார்.

மாலதி, காலை 9:48
முறத்தில் அள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு மரக்கால் இருக்கும்.

சுந்தரேசன், காலை 11:10
முடிந்தது. தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினோம். ரேடியேட்டரின் தகடுகள் முடிபோல மெல்லியவை; சர்வீஸ் கடையின் வேகமான தண்ணீரை அடித்தால் மடிந்து காற்றை இன்னும் அடைத்துவிடும். வண்டிக்கு அடியிலும் ரவி படுத்துப் பார்த்தான். புகைபோக்கிக் குழாயில் இரண்டு முழம் வைக்கோல் சுற்றியிருந்தது. அந்தக் குழாய்ச் சூட்டுக்கு வைக்கோல் தீப்பற்றி எரிந்த வண்டிகள் உண்டு. அவன் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

கார்த்திக், காலை 11:12
நன்றி, சித்தப்பா.

ரவி, காலை 11:20
சரி.

கார்த்திக், மதியம் 12:40
குத்தாலம் வரை ஓட்டிவிட்டு வந்தோம். ஓட்டத்தில் 91. நின்றபோது 101 வரை போனது, விசிறி போட்டதும் 94-க்கு இறங்கியது. முள் முழு நேரமும் நடுவிலேயே நின்றது. பெரியப்பா நேற்று சொன்னது இன்று போனில் எண்ணைப் பார்த்த பிறகுதான் முழுதாக விளங்கியது. பத்து டிகிரி ஏறி இறங்கியும் அந்த முள் அசையவில்லை.

சுந்தரேசன், மதியம் 12:58
பக்கத்தில் எஞ்சின் எண்ணெயின் வெப்பத்துக்குத் தனி மீட்டர் இருப்பதைக் கவனித்தேன். உன் வண்டியில் அதுதான் எனக்குப் பிடித்த பொருள். தண்ணீர் முள் நான்கைந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிட்டது. எண்ணெய் அப்போதும் 50-க்குக் கீழே இருந்தது, நீ அதற்குள் ஆக்சிலேட்டரை அழுத்தினாய். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், இடுக்குகளுக்குள் சரியாக ஓடாது. எண்ணெய் 80 தாண்டும்வரை பொறுமையாக ஓட்டு. பிறகு 90-க்கும் 110-க்கும் இடையே இருந்தால் கவலை இல்லை.

முத்துக்குமார், மதியம் 1:15
பழைய போர்ஷே 911-இல் தண்ணீர் மீட்டரே கிடையாது, அப்பா. 1998 வரை காற்றாலும் எண்ணெயாலும் குளிர்ந்த எஞ்சின். எண்ணெய் முள் ஒன்றைத்தான் பார்த்து ஓட்டுவார்கள்.

சுந்தரேசன், மதியம் 1:17
அப்படியானால் அதை ஓட்டியவர்களுக்கு எண்ணெயின் அருமை தெரிந்திருக்கும்.

வசந்தா, மதியம் 1:30
அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் உள்ளே உஸ்ஸென்று சத்தம் வருகிறதாம்.

கார்த்திக், மதியம் 1:31
விசிறிதான், அத்தை. அப்பாயி பயப்பட வேண்டாம்.

சுந்தரேசன், மதியம் 1:38
எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓடுவது நின்றுவிடும், ஆனால் இரும்பில் உள்ள சூடு இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காய்வதுபோல, சூடு சில நிமிடங்கள் தண்ணீருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் விசிறி தானாக ஓடி நிற்கும். இப்போது போனைப் பார்த்தால் நிறுத்தியபோது இருந்ததைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காட்டும். அது இயல்பு.

நாளைக்குச் சொல்கிறேன். தினேஷின் கருவி செருகியே இருக்கட்டும். 105 வரை கவலை வேண்டாம். 110 வந்தால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடு. அது உள்ளே இருக்கிற இன்னொரு சின்ன ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். அப்பாவுக்கு வியர்க்கும், பரவாயில்லை. 115 தாண்டினால் நிழல் பார்த்து நிறுத்து. செம்பனார்கோயிலுக்கும் ஆக்கூருக்கும் இடையே வைக்கோல் பரப்பியிருந்தால், ஆட்களிடம் சொல்லி ஒதுக்கச் சொல், மேலே ஏறாதே.

வசந்தா, மதியம் 1:45
இரண்டு பேருக்குத்தான் இடம். கார்த்திக் ஓட்டுகிறான், அப்பா பக்கத்தில். எண்பதாம் கல்யாணத்துக்கு அம்மா தனியாக வேனிலா வருவார்கள்?

தினேஷ், மதியம் 1:45
அதை யாரும் யோசிக்கவில்லை.

மாலதி, மதியம் 1:52
அத்தையைக் கேட்டேன். போகும்போது மாமா, வரும்போது தான் என்கிறார்கள். மாமா பதில் சொல்லவில்லை.

ரவி, மதியம் 1:55
நான் என் வண்டியில் பின்னாலேயே வருகிறேன். இரண்டு கேன் தண்ணீர் வைத்திருப்பேன். கடையில் வாங்கியது, மோட்டார் தண்ணீர் இல்லை.

கார்த்திக், மதியம் 1:56
காலை 4 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்விடலாம், சித்தப்பா.

ரவி, மதியம் 1:57
4:30 போதும்.

வசந்தா, மதியம் 2:20
வேன்காரர் மறுபடியும் போன் செய்தார். எத்தனை பேர் என்று யாராவது சொல்லுங்கள்.

மாலதி, மதியம் 2:41
மாமா இப்போதே மேல்துண்டு போட்டுக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த முள் எது என்று கேட்கிறார். கார்த்திக், கொஞ்சம் வா.