லினக்ஸ்ல சாஃப்ட்வேர் ஏத்தப் போயி மாட்டின கதை உண்டா? குமரி ஆளுங்க சொல்லுங்க

கோட்டாறு, டிடிபி கடை:

மூணு வாரமா ஒரு வேலையில கெடந்து உழலுகேன். அதான் இத ஆரம்பிக்கேன்.

பக்கத்து பங்குல 1974-ல அச்சடிச்ச ஜூபிலி மலர். 112 பக்கம். புது மலர் போடணும், பழசுல உள்ள கட்டுரையெல்லாம் எழுத்தா எடுத்துத் தரணும்னு பங்குப்பேரவை ஆளுங்க கொண்டு வச்சிட்டுப் போனாங்க. டைப் அடிச்சா கை ஒடிஞ்சிரும். ஸ்கேன் பண்ணி, டெசரேக்ட்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஓசிஆர் போட்டா, அதாவது படத்துல உள்ள எழுத்த டெக்ஸ்டா மாத்தினா, முடிஞ்சிதுன்னு நெனச்சேன்.

கடை மெஷின்ல உள்ள லினக்ஸ் டெபியன் 12. சாஃப்ட்வேர் ஏத்துத ஆப்ட் கட்டளையில டெசரேக்ட்-ஓசிஆர் ஏத்தியாச்சு. முதல் பக்கத்தக் குடுத்தா, தமிழ் டேட்டா கோப்பத் தெறக்க முடியலன்னு பிழை. இங்கிலீஷ் மட்டுந்தான் அதுகூட வரும், தமிழுக்கு டெசரேக்ட்-ஓசிஆர்-டாம்னு தனிப் பொதி (பேக்கேஜ்). சரி, அதையும் போட்டு நாப்பது பக்கம் ஓட்டினேன். சாயங்காலம் கரண்ட் போச்சு. யூபிஎஸ் கீ கீன்னு கத்துது.

மிச்சத்த வீட்டுல ஓட்டலாம்னு மகனுக்க லேப்டாப்ப எடுத்தேன். அது ஃபெடோரான்னு வேற வகை லினக்ஸ். அங்க ஆப்ட் இல்ல, அதுக்குப் பதிலா டிஎன்எஃப். அதே பேர அடிச்சா அப்படி ஒண்ணு இல்லேங்குது. சவத்த விடு, கோப்ப நேரா வச்சிருவோம்னு டெபியன்ல இருந்து பென் டிரைவுல எடுத்து வச்சிருந்த டாம் கோப்ப, டெபியன்ல எந்த ஃபோல்டரோ அதே ஃபோல்டர இங்கயும் உண்டாக்கி உள்ள போட்டேன். திரும்பவும் அதே பிழை. அரை மணிக்கூர் பெர்மிஷன மாத்தி மாத்திப் பாத்தேன். பெறவுதான் பிழைச் செய்திய ஒழுங்கா வாசிச்சேன். டெபியன்ல ஷேர்ங்கிற ஃபோல்டருக்குள்ள டெசரேக்ட்-ஓசிஆர், அதுக்குள்ள 5, அதுக்குள்ள டெஸ்டேட்டா. ஃபெடோரால ஷேர், டெசரேக்ட், டெஸ்டேட்டா. நான் வச்ச எடத்த அது எட்டிக்கூடப் பாக்காது. அங்க பொதிக்குப் பேரு டெசரேக்ட்-லாங்பேக்-டாம்.

அக்கா மகன் ஆர்ச்னு இன்னொரு வகை லினக்ஸ் வச்சிருக்கான். அவன்கிட்ட கேட்டா அவனுக்கு டெசரேக்ட்-டேட்டா-டாமாம். ஃபோல்டரும் வேற, ஷேருக்குள்ள நேரா டெஸ்டேட்டா. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல ஒரு பேரு இருக்கப்பட்ட மாதிரி. ஈ-சேவைக்கும் கடைக்குமா அலையுத நமக்கு இது புதுசா என்ன!

உங்களுக்கும் கதை இருக்கும். வரட்டும்.

தக்கலை, கம்ப்யூட்டர் சர்வீஸ்:

எனக்கது பேர் பிரச்சினையே இல்ல அண்ணாச்சி, அதனாலதான் வெக்கமா இருக்கு.

ஒரு காலேஜ் லேப்ல இருந்து கூப்பிட்டாங்க. பத்து மெஷின், எல்லாம் உபுண்டு லினக்ஸ். ஒம்பதுல சி கம்பைலர் ஏறிச்சு. ஜன்னல் ஓரத்துல இருந்த ஒண்ணுல மட்டும் பொதிப் பட்டியலப் புதுப்பிக்குத ஆப்ட் அப்டேட்டே ஓடமாட்டேங்குது. ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகலன்னு சொல்லுது. காலாவதி ஆச்சுன்னு சொன்னாலாவது அர்த்தம் உண்டு, 'இன்னும்' ஆகலன்னா என்ன? பொதி இறக்குத சர்வர (மிரர்) மாத்தினேன். சர்வர் முகவரி உள்ள சோர்ஸஸ் லிஸ்ட்ட அழிச்சு வேற மெஷின்ல இருந்து நகலெடுத்து வச்சேன். கேபிள மாத்தினேன். லேப் அசிஸ்டென்ட் ரெண்டு டீ வாங்கித் தந்துட்டார்.

மூணாவது டீ வரும்போதுதான் மூலையில உள்ள தேதியப் பாத்தேன். ரெண்டு வருசம் பின்னால நிக்குது. போர்டுல உள்ள நாணயம் மாதிரி பேட்டரி செத்துப்போச்சு. சாதாரணமா நெட் கிட்டினா நேரம் தானா சரியாயிரும். ஆனா அந்த லேப்ல வெப் தவிர மத்த வழியெல்லாம் அடைச்சு வச்சிருந்தாங்க. மெஷின் கணக்குல, சர்வர் தந்த ஃபைல் எதிர்காலத்துல எழுதினது, அதான் நம்பல. சிஆர் 2032 ஒண்ணு வாங்கிப் போட்டு, தேதியக் கையால வச்சதும் ஒரே அடியில ஏறிச்சு. பில்லுல 'பேட்டரி'ன்னு மட்டும் எழுதினேன். ரெண்டு மணிக்கூர் உழைப்ப எப்படி எழுத?

குலசேகரம், மாணவன்:

அந்த ஆர்ச் அண்ணன் மாதிரி நானும் ஆர்ச்தான், அதனால திட்டு வாங்கத் தயார் 😄

எங்க வீடு ரப்பர் தோட்டத்துக்குள்ள. சிக்னல் கிட்டணும்னா மொட்டை மாடிக்குப் போகணும். ரெண்டு மாசமா முழு அப்டேட் போடல. ஒரு நாள் அவசரமா ஒரே ஒரு சாஃப்ட்வேர் வேணும். பேக்மேன்ல (ஆர்ச்சுக்கு அதான் ஆப்ட் மாதிரி) பட்டியல மட்டும் புதுப்பிச்சு அத மட்டும் ஏத்தினேன், அதாவது பெரிய எஸ், சின்ன ஒய் போட்டு. ஏறிச்சு, ஆனா தெறக்கல: பல சாஃப்ட்வேரும் பொதுவா நம்பியிருக்க ஐசியு லைப்ரரியோட புதுப் பதிப்பு எண் வேணுமாம், எங்கிட்ட பழசு. சரின்னு ஐசியு-வ மட்டும் மேல ஏத்தினேன். இப்பம் அந்த சாஃப்ட்வேர் தெறந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா டெஸ்க்டாப் (கேடிஇ) வரல. அதுக்கு அடித்தளமான க்யூட்டி பழைய எண்ண நம்பியிருந்துச்சு, முழுசும் அந்தரத்துல. கருப்புத் திரை.

கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சு வெறும் எழுத்துத் திரைக்குப் போயி, ஃபோன் ஹாட்ஸ்பாட்ட மொட்டை மாடியில வச்சிட்டு, கீழ இருந்து முழு அப்டேட் போட்டேன். ஒண்ணேகால் ஜிபி. மழை வருதான்னு அம்மா வேற ஃபோனுக்குக் காவல்.

கோட்டாறு, டிடிபி கடை:

அம்மாவுக்கு ஒரு சலாம். தம்பி, பாதி அப்டேட்டு ஆர்ச்ல ஆகாதுன்னு அவங்க விக்கியிலயே எழுதியிருக்கான்னு அக்கா மகன் சொல்லுகான். அவனும் ஒருதரம் செஞ்சவன்தான், கேட்டா ஒத்துக்க மாட்டான்.

மார்த்தாண்டம், தினமும் திருவனந்தபுரம் வண்டி:

நான் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குறவன். அப்படியும் மாட்டினேன்.

மச்சானுக்குத் தேன் கடை. தேனீப் பெட்டி வச்சிருக்கிறவங்ககிட்ட வாங்குற தேனுக்கு எடை, ஈரப்பதம், பாக்கி எல்லாம் நோட்டுப் புத்தகத்துல எழுதுவார். ஒரு சின்ன புரோகிராம் சி-யில எழுதிக் குடுத்தேன். என் லேப்டாப் உபுண்டு 22.04, கடையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர் 20.04. ரெண்டும் உபுண்டு, என்ன வித்தியாசம்னு நினைச்சுக் கோப்பை நகலெடுத்து ஓட்டினா, ஜிலிப்சி 2.34 இல்லைன்னு ஒரு வரி. ஜிலிப்சிங்கிறது புரோகிராம்கள் நம்பியிருக்கிற அடிப்படை சி லைப்ரரி.

எனக்குப் புரியாதது இதுதான்: நான் 2.34-ல வந்த எந்தப் புது வசதியையும் தொடவே இல்லை. கூட்டல் கழித்தல் புரோகிராம். அப்புறம் தோண்டிப் பார்த்தா, மெயின் ஃபங்ஷனைத் தொடங்கி வைக்கிற அந்த உள் செயல்பாட்டுக்கே 2.34-ல புதுப் பதிப்பு எண் குடுத்திருக்காங்க. அதனால 2.34-க்கு மேல உள்ள மெஷின்ல கட்டினா (கம்பைல் பண்ணினா), வெறும் வணக்கம் சொல்ற புரோகிராம் கூட 2.34 கேக்கும். என் லேப்டாப்ல 2.35, கடையில 2.31.

இது வரைக்கும் ஒழுங்கு. பிறகு நான் செஞ்சதைச் சொன்னா ஆஃபீஸ்ல சிரிப்பாங்க. லேப்டாப்ல உள்ள லிப்சி கோப்பை, அதாவது அந்த ஜிலிப்சியோட முக்கியக் கோப்பைத் தூக்கி, கடை மெஷின்ல பழசு மேல எழுதினேன். எண்டர் அடிச்ச நிமிஷத்துல இருந்து எல்எஸ் வேலை செய்யல, சிபி வேலை செய்யல, சூடோ வேலை செய்யல. நான் மாத்தினது லிப்சி மட்டும், அதை ஏத்துற லோடர் பழசு. ஜோடி பிரிஞ்சா ரெண்டும் நடக்காது. திரும்ப நகலெடுக்கக்கூடக் கட்டளை இல்ல! கடையில நாலு பேர் தேன் கேனோட வரிசையில நிக்கிறாங்க, மச்சான் என் முகத்தைப் பார்க்கிறார். பென் டிரைவுல இருந்தே ஓடுற லினக்ஸ் (லைவ் யுஎஸ்பி) போட்டு பழைய கோப்பைத் திரும்ப வச்சேன்.

இப்ப டாக்கர்ல (மெஷினுக்குள்ளேயே தனியா வேற ஒரு லினக்ஸ் சூழலை ஓட்டுற வசதி) 20.04 இமேஜை வச்சு அதுக்குள்ளேயே கட்டுறேன். பழசுல கட்டினது புதுசுல ஓடும், திருப்பிப் போட்டா ஓடாது. மச்சான் இன்னும் நோட்டுப் புத்தகத்தையும் கூடவே எழுதுறார். கேட்டா, "அது ஒரு தைரியத்துக்கு" என்கிறார்.

முட்டம்:

எல்லாரும் சிரிக்கிற மாதிரி எழுதுறீங்க. என்னுடையது அப்படி இல்ல, ஆனாலும் எழுதுறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல கரண்ட் இல்ல, நெட் இல்ல. கடலுக்குப் போயி வராதவங்க பேரைக் கோவில்ல வச்சு எழுதிக்கிட்டிருந்தாங்க. காகிதத்துல எழுதினது நனைஞ்சும் கிழிஞ்சும் போகுது, ஒரே ஆள் பேரு ரெண்டு தாள்ல வருது. ஜெனரேட்டர்ல சார்ஜ் போட்டு என் லேப்டாப்ல ஏத்தலாம்னு உக்காந்தேன். லிப்ரே ஆஃபீஸ் இருந்துச்சு. தமிழ் அடிக்கிற ஐபஸ்-எம்17என் இல்ல. புதுசா உபுண்டு போட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு.

பாறசாலையில ஒரு வாத்தியார் தெரிஞ்சவர். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள்ல லினக்ஸ்தானே, அதுவும் உபுண்டுவை அடிப்படையா வச்சது, பதிப்பும் என்னுடையதும் ஒண்ணு. மரமெல்லாம் விழுந்து கிடக்கிற ரோட்டுல பைக்ல போனேன். அவர் மெஷின்ல டவுன்லோட் மட்டும்னு சொல்லி எடுத்தோம். ஒரே ஒரு டெப் கோப்பு (உபுண்டு பொதி) வந்துச்சு. சின்னது. சந்தோஷமா வாங்கிட்டு வந்து, டெப் கோப்பை நேரா ஏத்துற டிபிகேஜில போட்டா, அது நம்பியிருக்கிற எம்17என் லைப்ரரி இல்ல, அதோட டேட்டாபேஸும் இல்லன்னு நிக்குது. அவர் மெஷின்ல அதெல்லாம் ஏற்கெனவே இருந்ததால ஆப்ட் அதைத் திரும்ப எடுக்கவே இல்ல. அவருக்கு இல்லாததைத்தான் அது எடுக்கும், எனக்கு இல்லாததை இல்ல. இது எனக்கு அன்னைக்கு வரைக்கும் தோணலை.

ரெண்டாவது தடவை போகும்போது, முதல்ல என் லேப்டாப்லயே ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கூட பிரிண்ட்-யூஆர்ஐஸ் போட்டு, எனக்கு என்னென்ன குறையுதோ அதோட முகவரியை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா எடுத்தேன். புதுசா போட்ட அன்னைக்கே அப்டேட் ஓட்டியிருந்ததால பட்டியல் உள்ள இருந்துச்சு. அந்த ஃபைலை வாத்தியார்கிட்ட குடுத்தேன், அவர் டபிள்யூகெட்ல எல்லாத்தையும் இறக்கித் தந்தார். ராத்திரி ஒம்பது மணிக்குத் தமிழ்99-ல முதல் பேரை அடிச்சேன். எங்க தெருக்காரர்.

இப்ப ஆப்ட்-ஆஃப்லைன்னு இதுக்குன்னே ஒரு பொதி இருக்கிறது தெரியும். ஆனா அதுவும் முன்கூட்டியே ஏத்தி வச்சிருந்தாதான்.

தக்கலை, கம்ப்யூட்டர் சர்வீஸ்:

அண்ணே, இதுக்கு மேல என்ன எழுதன்னு தெரியல. அந்த பிரிண்ட்-யூஆர்ஐஸ எழுதி வச்சிட்டேன்.

கருங்கல்:

சின்ன கேள்விதான். ஃப்ளாட்பாக், ஸ்னாப், ஆப்இமேஜ்னு எல்லா லினக்ஸுக்கும் ஒரே பொதியா வந்தாச்சே. இவ்வளவு பாடு எதுக்கு?

மார்த்தாண்டம், தினமும் திருவனந்தபுரம் வண்டி:

நல்ல கேள்விதான். நான் ஜிம்ப் எல்லாம் ஃப்ளாட்பாக்லதான் வச்சிருக்கேன், நிம்மதி. ஆனா முதல் தடவை சின்ன ஒரு சாஃப்ட்வேர் கேட்டாலும் அடியில ரன்டைம்னு ஒரு மூட்டை கூடவே இறங்கும். குலசேகரம் மொட்டை மாடியை நினைச்சுப் பாருங்க. ஸ்னாப்ல போட்ட சிலது பென் டிரைவைப் பார்க்காது. ரிமூவபிள்-மீடியான்னு ஒரு அனுமதியைக் கையால குடுக்கணும். ஆப்இமேஜுக்கு உபுண்டு 22.04-ல லிப்ஃப்யூஸ்2-ன்னு ஒரு லைப்ரரியைத் தனியா ஏத்தணும். சரின்னு மனப்பாடம் பண்ணி வச்சா, 24.04-ல அதுக்குப் பேரு லிப்ஃப்யூஸ்2டி64. கோட்டாறு அண்ணாச்சி சொன்ன ரேஷன் கார்டு கதைதான். இங்க ஒரே வீட்டுக்குள்ளேயே பேரு மாறிடுச்சு.

கோட்டாறு, டிடிபி கடை:

கேட்டவங்களுக்காக மலர் நிலவரம்: 112 பக்கமும் ஓடியாச்சு. ஆனா 1974 அச்சு இல்லியா, எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல. லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கையோட நிக்குது. என் மெஷினுக்கு அது தும்பிக்கைன்னே தெரியல. ஒரு பக்கத்துல 'தலைவர்' எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வேற வேற வார்த்தை. ணா, னா, றா-வும் பழைய சுழிதான், அதுலயும் அப்படியே. 'ஃபைண்ட் ரீப்ளேஸ்' போட்டா சரியான வார்த்தையும் சேந்து கெடுது. நேத்து பதினாலு பக்கம் கையால திருத்தினேன். டெசரேக்ட்டுக்குப் பழைய எழுத்தப் படிப்பிச்சுக் குடுத்த ஆள் யாராவது உண்டா? டெபியனோ ஃபெடோராவோ, எந்த ஃபோல்டர்ல வைக்கணும்னு மட்டும் எனக்கு இப்பம் நல்லாத் தெரியும்.