புதுப்பிப்பு: கப்பல் அடமானத்தில் யாருக்கு முதல் பணம்?

ஒரே கப்பலின் மேல் இரண்டு அடமானம் இருந்தால் யாருக்கு முன்னுரிமை என்று போன வாரம் கேட்டிருந்தேன். முதலில் கையெழுத்தானதற்குத்தான் என்று நானே முடிவும் கட்டியிருந்தேன். தப்பு. பிரிட்டிஷ் வழிச் சட்டங்களில் அடமானம் கப்பல் பதிவேட்டில் ஏறிய நேரம்தான் கணக்கு. காலை 10 மணிக்குப் பதிந்தவர் 10.15-க்கு வந்தவரை முந்திவிடுவார், பின்னவரின் பத்திரம் ஒரு மாதம் பழையதாக இருந்தாலும் சரி.

அப்புறம், எனக்கு உறைத்தது இதுதான்: மாலுமிகளின் சம்பள பாக்கி பதிவேட்டில் எங்கும் தெரியாது. ஆனாலும் கப்பல் ஏலம் போனால் வங்கிக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கும். கப்பல் அடமானங்கள் பற்றிய 1993-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அப்படியே சொல்கிறது. கடன் கொடுப்பவர் வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம்!

பிரிட்டிஷ் முறையில் ஒரு கப்பலின் உரிமையை 64 பங்காகப் பிரிப்பார்களே, அதைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், ஒரு பங்கை மட்டும்கூட அடமானம் வைக்கலாம். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்க வேண்டுமே.