நெட்டாலார் கொல்லை: கடல் கடந்த பெரிய தாத்தாவைத் தேடிய அனுபவம்

இங்கே பலரும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்ற முன்னோர்களைத் தேடியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் சென்றது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு. போளூர் வட்டத்தில் எங்களுக்கு இருந்த அரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு ‘நெட்டாலார் கொல்லை’ என்று பெயர். சிறுவயதில் அதை ஏதோ ஒரு காவல் தெய்வத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அப்பா காலமான பிறகு பத்திரப் பெட்டியைத் திறந்தபோதுதான், 1931ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், தாத்தாவின் அண்ணன் நெட்டால் தேசம் போயிருப்பதால் அவருடைய பாகத்தைத் தம்பி அனுபவித்து வரவேண்டும் என்றும், அவரோ அவருடைய வாரிசுகளோ வந்து கேட்டால் தடையின்றி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதியிருப்பதைப் படித்தேன்.

அதே பெட்டியில் அந்தப் பெரிய தாத்தாவிடமிருந்து 1909இல் வந்த ஒரு கடிதமும் இருந்தது. எழுதத் தெரிந்த யாரோ ஒருவரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். வழக்கமான க்ஷேம விசாரிப்புகளுக்குப் பிறகு, ‘உம்சிண்டு’ என்னும் இடத்தில் கரும்புத் தோட்டத்தில் இருப்பதாகவும், தலைவரிக்குப் பயந்து மறுபடி ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துவிட்டதாகவும், வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லை என்றும் இரண்டே வரிகள். அதற்குப் பின் கடிதம் இல்லை. ‘கப்பல் ஏறியதும் பெற்றவளை மறந்துவிட்டான்’ என்பதே எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த தீர்ப்பு.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், அங்க அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். பெரிய தாத்தாவின் பெயரோ ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொண்ட பெயர். அதை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி நான்கைந்து விதமாக எழுதியிருந்ததால், பெயரை வைத்துத் தேடிய எட்டு மாதங்களும் வீணாயின. பிறகு கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் போளூரையும் சேர்த்துத் தேடியபோது, 1902ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று கிடைத்தது. ஊர்ப் பெயரில் பாதியைக் காணோம். இடது முழங்காலில் தழும்பு என்று குறித்திருந்தார்கள். அத்தை உடனே, பனைமரத்திலிருந்து விழுந்த கதையைச் சொல்லி அது அவர்தான் என்று சாதித்துவிட்டார். முழங்காலில் தழும்பு இல்லாத குடியானவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தோன்றியது. அவர் அனுப்பப்பட்ட தோட்டம் உம்சிண்டோ பகுதியில் இருந்தது என்பதைக் கடிதத்தோடு ஒப்பிட்ட பிறகே நான் நம்பினேன்.

கடிதத்தில் சொன்ன தலைவரி என்னவென்று படித்தபோதுதான் வீட்டின் தீர்ப்பு எவ்வளவு அநியாயமானது என்று விளங்கியது. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஐந்தாண்டு முடிந்ததும் இந்தியா திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் எழுத வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் (பவுண்டு) வரி கட்ட வேண்டும். முதல் ஆண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது அந்தக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். ஆகவே அந்த மறு ஒப்பந்தம் மறதியால் எழுதியதல்ல. 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சிறை சென்று அடிபட்ட பிறகு, 1914இல்தான் அந்த வரி நீக்கப்பட்டது. அவர் அதில் கலந்துகொண்டாரா என்பதற்கு எங்களிடம் சான்று எதுவும் இல்லை. கலந்துகொண்டிருப்பார் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தாலும் சொல்லமாட்டேன்.

கடைசியாகத் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலிருந்து, இறந்தவர்களின் சொத்து தொடர்பான கோப்பு ஒன்றின் நகல் வந்தது. அவர் 1938இல் இறந்திருக்கிறார். பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று மட்டும் இருக்கிறது. கவுண்டர் என்ற பட்டம் அங்கே பலருக்கும் ஆனதுபோல் ‘கோவெண்டர்’ என்று குடும்பப் பெயராகிவிட்டது. பிள்ளைகள் நான்கு பேர். மூத்த மகளுக்கு அவர் வைத்திருந்தது எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு, கொல்லையை 1974இல் விற்ற தொகையில் அவர்கள் பங்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்.